கெஹ்ரானின் வாய்த்தகடு

ஆதம்பாக்கம்
8 ஜூன் 2024

என்னங்க,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. அதனால் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். "சாப்பிட்டியா?" "ம்." "மாத்திரை போட்டியா?" "ம்." "கடையில ஆள் நிக்காங்க, வைக்கட்டா?" கல்யாணமான நாளிலிருந்து நம் போன் பேச்சு இதுதான். அதனால் எழுதுங்கள். மாமா சனிக்கிழமை தவறாமல் நங்கநல்லூர் கோயிலுக்கு வருகிறார், போகிற வழியில் எங்கள் வீட்டில் காபி குடிக்கிறார். அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். தி.நகருக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நடுவே கடிதப் போக்குவரத்தா என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டர் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டினாரே, மேல் உதட்டில் ஒரு கோடு. "உதட்டுப் பிளவு. அன்னத்துலயும், அதாவது மேல்வாய்லயும், இருக்கான்னு பொறந்தப்புறம்தான் சொல்ல முடியும். மூணாம் மாசம் தையல் போட்டுடலாம்" என்றார். நான் பயப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோவில் வரும்போதே பாதி பயம் போய்விட்டது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் ஹாலில் உங்கள் கண்ணாடி ராக் காலி. 'ஒளிக்கடல்' படத்து வில்லன் பொம்மைகள் ஒன்றுகூட இல்லை. அவை நின்ற இடத்தில் தூசி படியாத வட்டங்கள் மட்டும் இருந்தன.

அத்தைதான் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். "புள்ளத்தாச்சி கண்ணு படுத எடத்துல இந்த மூஞ்சிகளையா வைக்கது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்தானே. குழந்தைக் கண்ணன் காலண்டரை வாங்கி மாட்டியதும் அவர்கள்தான். பாவம், இரண்டு மாதம் மனசுக்குள் அவர்களைத் திட்டித் தீர்த்தேன். வளைகாப்பு அன்றைக்கு வளையல் போட்டுவிடும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நான் தொடலம்மா. ஸ்கேன் பாத்த மறுநா காலம்பற அவனேதான் ஒக்காந்து ஒவ்வொண்ணா பேப்பர்ல சுத்துனான்" என்றார்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்தவை. நான் தூசி தட்டினால்கூட "மெல்ல, மெல்ல" என்பீர்கள். அதை ஒரே காலையில் மூட்டை கட்டினீர்கள் என்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. நம் பிள்ளையின் முகம் வில்லன் முகம் என்று அந்த வீட்டில் முதலில் தீர்மானித்தது அத்தை இல்லை, நீங்கள்.

ஒரே கேள்வி கேட்கிறேன். பிள்ளையைக் கையில் வாங்கும்போது நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்? பதில் எழுதும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சரண்யா


தி.நகர்
15 ஜூன் 2024

சரண்யா,

அப்பா கடிதத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். சண்முகசுந்தரம் பாத்திரக் கடை முதலாளி மருமகளுக்குத் தபால்காரர் ஆகிவிட்டார்.

இங்கே எல்லோரும் நலம். முகூர்த்த நாள் என்பதால் கடையில் கூட்டம். சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டி வெட்டி விரல் மரத்துவிட்டது. நமக்காகக் கட்டும் மாடிக்கு சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் காங்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் ரகுபதி மேஸ்திரி.

ராக்கைக் காலி செய்தது நான்தான். ஏன் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. எனக்குச் சுற்றி வந்துதான் பேச வரும், உனக்குத் தெரியும். அதனால் கெஹ்ரானைப் பற்றி எழுதுகிறேன். நீ கேட்டதற்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஒன்பதாவது படிக்கும்போது அந்த இங்கிலீஷ் படம் 'ஒளிக்கடல்' தமிழில் பேசிக்கொண்டு நம்ம ஊர் தியேட்டருக்கு வந்தது. கதை உனக்குத் தெரிந்த மாதிரிதான். ஒரு கொடுங்கோல் பேரரசன், அவனை எதிர்த்து ஒரு அழகான பையன், நடுவில் நிறைய விண்கலங்கள். பேரரசன் மூச்சுவிடாமல் வசனம் பேசுவான். அவன் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒருத்தன் நிற்பான். நெடுநெடுவென்று உயரம். மூக்குக்குக் கீழே இருந்து தாடைவரை இரும்புத் தகடு. முழுப் படத்திலும் அவனுக்கு ஒரு வசனம் கிடையாது. கடைசியில் எரிகிணற்றில் விழுந்து செத்துப்போவான். அதுதான் கெஹ்ரான்.

பேரரசனின் வசனத்துக்கு ஜனங்கள் சிரித்தார்கள். கெஹ்ரான் தலையைத் திருப்பினால் மட்டும் தியேட்டர் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்பா பேசுவார், அம்மா பேசுவாள், கடைக்கு வருகிறவர்கள் பேரம் பேசுவார்கள். பேசாமல் நின்றே ஒருத்தன் ஒரு இடத்தை நிறைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

தகட்டுக்குப் பின்னால் என்ன? படத்தில் சொல்லவில்லை. உலகம் பூரா இதைப் பற்றிப் பேச்சு. கோரைப்பல் என்பார்கள், வாயே கிடையாது என்பார்கள். ராக்கின் மேல்தட்டில் கண்ணாடித்தாள் போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருந்ததே மார்பளவுச் சிலை, அதில் தகட்டை அழுத்தி ஒட்டியிருக்கும். கழற்றினால் சிலைக்கு மதிப்புப் போய்விடும். சீல் பிரிக்காத பெட்டிதான் பொம்மை சேர்க்கிற எங்களுக்குப் பெரிது. அதனால் ஒருத்தரும் தகட்டைத் தொட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

போன வருஷத்திலிருந்து அவனுக்கென்றே தனியாகப் படக்கதைப் புத்தகங்கள் வருகின்றன. மொத்தம் எட்டு. படத்தில் சொல்லாததை அதில் சொல்கிறார்கள். பாண்டி பஜார் மாடியில் பொம்மைக் கடை வைத்திருக்கும் கரீமுல்லா பாய் வரவழைத்துத் தருவார். ஸ்கேன் எடுத்த வாரம் ஏழாவது வந்தது. வாங்கினேன். ஆனால் பிரிக்கவில்லை. தகட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ராம்குமார்


ஆதம்பாக்கம்
22 ஜூன் 2024

என்னங்க,

ஒரு வழியாக முழு வாக்கியமாகப் பேசுகிறீர்கள். அதற்கு ஒரு வில்லன் வர வேண்டியிருந்தது.

இங்கே நடப்பதையும் கேளுங்கள். எதிர்வீட்டு அம்மா வந்து, "கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனியாம்மா?" என்று கேட்டார். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். உதடு சேர்வது இரண்டாம் மாதத்தில், அந்த மாதங்களில் இங்கே தெரிகிற கிரகணமே கிடையாது என்று சொன்னேன். "இருந்தாலும்" என்றார். இந்த 'இருந்தாலும்'-க்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. அவர் போனபிறகு என் அம்மா சொர்ணம், பெற்ற தாய், மெல்ல வந்து, "போனியா?" என்றாள். அழுதுவிட்டேன்.

உங்களிடம் கோபம் குறையவில்லை. கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. ஆனால் ஒன்று. எந்த முகத்தைப் பார்க்கப் பயந்து புத்தகத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களோ, அதை நான் பார்க்கிறேன். ஏழையும் மாமாவிடம் கொடுத்தனுப்புங்கள். சீல், மதிப்பு என்று ஏதாவது சொன்னீர்கள் என்றால் அடுத்த கடிதம் வக்கீலிடமிருந்து வரும்.

சரண்யா


தி.நகர்
6 ஜூலை 2024

சரண்யா,

ஏழும் இத்துடன் வருகின்றன. மடக்காமல் படி. சரி, மடக்கிக்கொள்.

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. காங்கிரீட் போட்ட மறுநாள் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே ரெண்டு பேர் அண்ணாந்து நம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். மாடிச் சாரத்தில், தெருவைப் பார்த்து, கெஹ்ரான் தொங்குகிறான். கழுத்தில் கறுப்புக் கயிறு, பக்கத்தில் எலுமிச்சை மிளகாய், கீழே கற்றாழை.

அம்மா. புது வேலைக்குத் திருஷ்டி பொம்மை வேண்டும் என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். அவள் பரணில் ஏறி, நான் கட்டி வைத்த மூட்டையைப் பிரித்து, இத்தனை வருஷம் மூச்சுப்படாமல் வைத்திருந்த பெட்டியின் சீலை அரிவாள்மணையால் கிழித்து, அவனை வெளியே எடுத்திருக்கிறாள். நேரே அவளிடம் போய் நின்றேன்.

"எய்யா, நீ தூக்கித்தான போட்ட" என்றாள். "பொறக்கப் போற புள்ள மேல தெருவுல எத்தன கண்ணு விழுமோ. அம்புட்டும் இவன் மேல விழட்டும்."

மேஸ்திரி சிமெண்டுக் கையோடு அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார் இது, வாயாண்ட தகடு அடிச்சி கீது?"

"பேசக்கூடாதுன்னு போட்டது."

"அப்ப ஷோக்கான ஆளுதான். வாயத் தொறக்காதவன்தான் சார் கண்ண வாங்கிக்கினு சும்மா நிப்பான்."

கழற்றச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது காற்றில் கயிறு முறுக்கிக்கொண்டு அவன் தலை மெல்லத் திரும்பியது. தியேட்டரில் திரும்பிய அதே திரும்பல். தெருவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இளநீர் வண்டிக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் கண்ணாடிக்குள் வைத்து நான் பார்த்தது பொம்மையை. அன்றைக்குத்தான் அவனைப் பார்த்தேன். கழற்றவில்லை.

உன் கேள்வி என் மேஜையில் இருக்கிறது. மறக்கவில்லை.

ராம்குமார்


ஆதம்பாக்கம்
20 ஜூலை 2024

என்னங்க,

ஏழையும் படித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். இதையா இத்தனை வருஷம் நீங்கள் தனியாக ரசித்துக்கொண்டிருந்தீர்கள்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அவன் ஊர் இல்மா. அந்த உலகத்தைச் சுற்றித் தூசிமேகம், அங்கிருந்து ஒரு நட்சத்திரம் தெரியாது. கலங்கள் மேகத்துக்குள் போய் ஒளியை அள்ளிக்கொண்டு வருகின்றன, அதுதான் அந்த ஜனங்களின் பிழைப்பு. போன கலம் திரும்ப வழி தெரியாது. அதனால் மலை விளிம்பில் விளிப்பவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் வாயால் எழுப்பும் ஓசையைப் பிடித்துக்கொண்டு கலங்கள் வீடு வருகின்றன. நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கப் போனோமே, படகு வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நின்ற பெண்களை இல்மா ஜனங்களின் முகத்தில் பார்த்தேன். வெற்றிடத்தில் ஒலி போகாது, எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதினால் முட்டை போடுவேன். ஆனாலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனேன்.

விளிப்பவர்களில் பெரியவன் கெஹ்ரான். மேகத்தைப் பார்த்து நிற்கும் அவர்களை முதுகுப்பக்கமாகத்தான் வரைந்திருக்கிறார்கள், நீங்கள் பயந்த முகம் இன்னும் வரவில்லை. பேரரசன் வந்து இல்மாவைப் பிடிக்கிறான். எல்லாக் கலமும் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துக் கெஹ்ரானின் வாயில் தகட்டை அடிக்கிறான். அடுத்து ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. அதில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள், திசை தெரியாமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. அந்தப் பக்கத்தில் என் கை வெகுநேரம் நின்றுவிட்டது. உள்ளே பிள்ளை உதைத்தது.

அவனை நல்லவனாக்கிவிடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. இல்மாவில் மிஞ்சிய குழந்தைகளை விட்டுவைப்பதற்காகப் பேரரசனின் பின்னால் நிற்கிறான், அவனுக்காக வேறு ஊர்களை எரிக்கிறான். அந்த ஊர்களையும் காட்டுகிறார்கள். ஏழாவது புத்தகம், எரிகிணற்றின் விளிம்பில் அவன் கை தகட்டைத் தொடுவதோடு முடிகிறது. எட்டாவது எங்கே? அது வந்ததும் நீங்களே முதலில் படித்து எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு அதுதான் தண்டனை.

அத்தை செய்ததைக் கேட்டு முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். கண்ணெல்லாம் அவன்மேல் விழட்டும் என்றால், நம் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்களா, மறைக்கிறார்களா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சரண்யா


தி.நகர்
10 ஆகஸ்ட் 2024

சரண்யா,

கரீமுல்லா பாய் என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, ஆளையே காணோம். எட்டாவது வந்து குந்திக்கினு கீது. நாலு பேர் கேட்டாங்கோ, குடுக்கல. ஏழு வாங்கினவன் எட்டுக்கு வந்துதான ஆவணும்" என்றார். வீடுவரை பொறுக்கவில்லை. அந்தக் கடையின் மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

கிணற்றில் விழுகிறான். படத்தில் அதோடு சரி. இங்கே அவன் விழுந்துகொண்டே இருக்கிறான். சூட்டில் தகடு இளகிக் கழன்று மேலே பறக்கிறது. அவனை முதுகுப்பக்கமாக மட்டுமே வரைந்திருக்கிறார்கள், முகம் தெரியவே தெரியாது. வாயைத் திறந்து கூப்பிடுகிறான். பக்கத்தைப் புரட்டினால் நீ சொன்ன அதே கறுப்பு. வழி தவறி எத்தனையோ வருஷம் அலைந்த கலங்கள், இருட்டில் ஒவ்வொன்றாக விளக்கை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. முதலில் ஒன்று. அடுத்த பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு. அதற்கடுத்த பக்கத்தில் கறுப்பே இல்லை, சரண்யா. முழுக்க விளக்கு.

கடைசிப் பக்கத்தில் கலங்களுக்காகக் கரையில் காத்திருக்கும் ஒரு கிழவி சொல்கிறாள். அவன் உதடு பிரிந்து பிறந்தவன். அப்படிப் பிறப்பவர்கள்தான் அந்த ஊரில் விளிப்பவர்கள், ஒரே வாயில் இரண்டு குரல் எழுப்ப அவர்களால்தான் முடியும். தகடு மறைத்தது கோரத்தை இல்லை. ஊரே நம்பியிருந்த ஒன்றை.

படிக்கட்டிலேயே அழுதேன். ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்கேன் பார்த்த மறுநாள் காலையில் ராக்குக்கு முன்னால் நின்றேன். ஒருத்தனுக்குக் கன்னத்தில் வெட்டு, ஒருத்தனுக்குக் கண் இல்லை, ஒருத்தனுக்கு முகம் வெந்திருக்கிறது, ஒருத்தனுக்கு வாயில் தகடு. நல்லவர்கள் முகமெல்லாம் விளக்கிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி பளிச்சென்று இருக்கும். யார் இப்படி வைத்தது? இத்தனை வருஷம் ஆசை ஆசையாக அடுக்கிய எனக்கு இது ஒருநாளும் உறைக்கவில்லை. நம் பிள்ளை அஞ்சு வயசில் இந்த ராக்குக்கு முன்னால் நின்று, தான் யார் மாதிரி இருக்கிறோம் என்று கண்டுபிடித்தால்? அதுதான் கை வேகவேகமாகச் சுற்றியது. இந்த மூஞ்சிகள் உன் கண்ணில் பட்டதால்தான் என்று அம்மா சொல்வதையும் ஒரு நிமிஷம் நம்பினேன். அதையும் மறைக்கவில்லை.

பிள்ளையைக் கையில் வாங்கும்போது வாயைத்தான் பார்ப்பேன். பார்க்காத மாதிரி நடிக்க என்னால் முடியாது. ஆனால் கண்ணை எடுக்க மாட்டேன்.

இன்னொன்று. பால் உறிஞ்ச வரவில்லை என்றால் பாலாடையில் புகட்டலாம் என்று டாக்டர் சொன்னாரே. நம் கடையில் தொங்குவதெல்லாம் மூக்கு குட்டையாக இருக்கிறது. மூக்கு நீண்ட வெள்ளிப் பாலாடை ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். பேர் வெட்ட இடம் விட்டிருக்கிறது. நான் வரலாமா?

ராம்குமார்


ஆதம்பாக்கம்
14 செப்டம்பர் 2024

என்னங்க,

வரலாமா என்று கேட்டீர்கள். நான் பதில் எழுதுவதற்குள் உங்கள் மகளே கூப்பிட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச முடியாததை எழுதுகிறேன். நர்ஸ் அவளை உங்களிடம் நீட்டியபோது நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, உங்கள் கண்ணைத்தான் பார்த்தேன். எழுதியது போலவே வாயைப் பார்த்தீர்கள். அவள் கொட்டாவி விட்டாள். பிரிந்த உதடு இரண்டு பக்கமும் விரிந்து, அன்னத்தில் இருந்த சின்னப் பிளவுவரை தெரிந்தது. நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தியேட்டரில் ஒன்பதாவது படித்த பையன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

பாலாடை நன்றாக இருக்கிறது. 'கயல்' என்று நீங்கள் வெட்டிய எழுத்தில் கொஞ்சம் பால் தங்கிவிடுகிறது, ஊசியால் துடைக்கிறேன். இரண்டு குரல் எல்லாம் என் பிள்ளைக்கு வேண்டாம். ஒரே குரலில் அவள் கூப்பிடுவதற்கே எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துகிறார். தையலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த முகம் இருக்காது. இதைத்தானே முதலில் பார்த்தேன் என்று இப்போதே கொஞ்சம் ஏக்கமாக இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

ஒரு வருத்தம். அத்தை இரண்டு முறை வந்தார்கள். எடுத்த எடுப்பில் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்கிறார்கள், பாசத்தில் குறையே இல்லை. ஆனால் வாசலில் யார் செருப்பு விடும் சத்தம் கேட்டாலும் துண்டை இழுத்துப் பிள்ளையின் வாய்வரை மூடிவிடுகிறார்கள். "காத்துப் படும்" என்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்குக் கேட்டேனே, காப்பாற்றுகிறார்களா மறைக்கிறார்களா என்று. பதில் கிடைத்துவிட்டது. உங்கள் அம்மாவிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் அந்தத் துண்டு இருக்கிற வீட்டுக்கு நான் கயலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். மாடி எவ்வளவு அழகாக முடிந்தாலும் சரி.

சரண்யா


தி.நகர்
5 அக்டோபர் 2024

சரண்யா,

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு வாரமாக முழித்துக்கொண்டிருந்தேன். சொல்லவே இல்லை. அதற்குள் மழை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடியோடு ஒரு பாட்டம் கொட்டியது. மறுநாள் காலையில் மேஸ்திரி கையில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தார். "சார், உங்க ஆளோட மூடி கயண்டுக்கிச்சு. நானு தொடல, சாரத்துங்கீழ கெடந்துது." கையில் கெஹ்ரானின் வாய்த்தகடு. வெயிலில் ஒட்டுப் பசை இளகி, மழையில் விட்டுப்போயிருக்கிறது.

நான் மாடிக்கு ஓடினேன். தகட்டுக்குப் பின்னால் வெறும் பிசின்தான் இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சாரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டி அவன் முகத்தைத் திருப்பினேன்.

வாய் இருந்தது, சரண்யா. முழு வாய். மேல் உதடு நடுவில் பிரிந்து, அந்த விளிம்பு மூக்கை நோக்கி ஏறும் வளைவு, ஈறில் ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் கொஞ்சம் திரும்பின ஒரு பல். உதட்டில் ரேகைகூட விட்டுப்போகவில்லை. புத்தகத்தில் வரையாத முகம் அது. தகட்டை ஒட்டினால் யாரும் என்றைக்கும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே யாரோ ஒருத்தர் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். உலகத்தில் எத்தனை பேர் வீட்டில் சீல் பிரிக்காத பெட்டிக்குள் இந்த வாய் இருக்கிறதோ. என் அம்மா அரிவாள்மணையை எடுத்திருக்காவிட்டால் நானும் பார்க்காமலே செத்திருப்பேன். இன்னும் கிட்டே பார்க்கச் சாரத்துக்கு வெளியே சாய்ந்தேன். மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அவனைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"எய்யா, இது நம்ம புள்ள வாயில்லா" என்றாள்.

என் கையில் இருந்த தகட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இதப் போட்டா மூடி வச்சிருந்தானுவ." தகட்டைப் பழைய ஈயம் பித்தளை போடும் டப்பாவில் போட்டாள். முந்தானையை நனைத்து, அவன் முகத்தில் இருந்த சிமெண்டையும் காக்காய் எச்சத்தையும் துடைத்தாள். உதட்டுக்கு வந்ததும் கை மெதுவானது. பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரியே துடைத்தாள். "வெயில்லயும் மழையிலயும் தொங்கப் போட்டுட்டனே" என்று அழுதாள்.

திருஷ்டிக்கு இப்போது பூசணிக்காய் கட்டியிருக்கிறது. அவன் மாடியில், நம் அறையின் ஜன்னலில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களையும் பரணிலிருந்து இறக்கப் போகிறேன். கயல் கேட்கும் அன்றைக்கு ஒவ்வொருத்தன் கதையையும் நானே சொல்கிறேன்.

நேற்று அடுத்த தெரு அத்தை ஒருத்தர் மாடி பார்க்க வந்தார். ஜன்னலைப் பார்த்ததும், "என்ன புஷ்பம், இது வாயி இப்படிக் கோரமா" என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"கோரம் என்ன கோரம்" என்றாள் அம்மா. "எம் பேத்திக்கும் வாயி இப்படித்தான் இருக்கு. வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுதேன், வந்து நல்லாப் பாத்துட்டுப் போ."

இன்றைக்கு இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அப்பாவோடு அம்மாவும் வருகிறாள். பையில் துண்டு இல்லை, நான் பார்த்துவிட்டேன். காபி ஒன்று கூடப் போடச் சொல்.

ராம்குமார்